ஐம்பத்தெட்டு கிலோ

"மாஸ்டர், ஒரே ஒரு கேள்வி. பாடி பில்டிங்ல வர்றது பலமா, கெட்டில்பெல்லுல வர்றது பலமா?"

தணிகாசலம் வாசலில் நின்றபடியே கேட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஜெசிந்தா நிமிரவில்லை. தரையில் உட்கார்ந்து ஓர் இரும்புக் குண்டின் பிடியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?" என்றாள்.

"எதுக்குன்னா?"

"பலம் எதுக்கு வேணும்னு கேக்கறேன்."

பதில் அவன் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

"சொல்லத் தோணுனா வாங்கண்ணா. காத்தாலே ஆறு மணிக்குத் திறந்திருக்கும்."

அவன் திரும்பிப் போனான்.

காசிமேட்டில் ஒரு ஐஸ் பேக்டரியின் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை அது. உள்ளே பிடி வைத்த பத்தொன்பது கெட்டில்பெல்கள். அங்கே வருகிறவர்களுக்கு அவை வெறும் குண்டுகள்தான். கடலைப் பார்த்து ஒரு ஜன்னல், மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை, அவ்வளவுதான் ஜிம்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்து மூன்று வயது. நின்றால் தணிகாசலத்தின் தோள் வரை வருவாள். மீன் ஏலம் கூவுகிறவர் முதல் ஆஸ்பத்திரி நர்ஸ் வரை எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். குரு என்று யாராவது கூப்பிட்டிருந்தால் குண்டை அவர் காலில் போட்டிருப்பாள்.

தணிகாசலத்துக்கு முப்பத்தெட்டு. ஐந்து தடவை மாவட்ட அளவில் பட்டம் வாங்கியவன். கை சுற்றளவு பதினெட்டரை அங்குலம். கடையில் தொங்குகிற சட்டை எதிலும் அந்தக் கை நுழையாது. வியாசர்பாடியில் அவன் நடந்து போனால் டீக்கடையில் பேச்சு நிற்கும். அது அவனுக்குத் தெரியும். பிடிக்கவும் பிடிக்கும்.

அவன் இங்கே வந்தது ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காக. கெட்டில்பெல்தான் பலம், மற்றதெல்லாம் வெறும் வீக்கம் என்று விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் சொல்ல வேண்டும்.

சொல்லிவிட்டால், போன ஆடியில் அவனுடைய அப்பாவைக் கொன்றது பாடி பில்டிங் என்று ஆகிவிடும். அவன் இல்லை என்று ஆகிவிடும்.

*

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றான்.

"ஒரு ஆளைத் தூக்கணும் மாஸ்டர். அதுக்குத்தான்."

ஜெசிந்தா இப்போது அவனை நிமிர்ந்து பார்த்தாள். எந்த ஆளை என்று கேட்கவில்லை.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

உள்ளே வந்தவன் நாலு சுவரையும் பார்த்தான். "கண்ணாடி இல்லியா?"

"குண்டுக்கு எதுக்குக் கண்ணாடி? அது அழகாத்தான் இருக்குது."

"இன்னிக்கு எந்த பார்ட் மாஸ்டர்? கையா, நெஞ்சா?"

பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நர்ஸ் சகாயராணி சிரித்துவிட்டாள். "அண்ணன் பார்ட் பார்ட்டா கழட்டி எடுத்துக்கினு வந்திருக்காரா?"

ஜெசிந்தா பதினாறு கிலோ குண்டு ஒன்றைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. அவன் ஒற்றைக் கையால் ஐம்பது கிலோ டம்பெல் இழுக்கிறவன்.

"அஞ்சு நிமிஷம். கீழ வைக்கக் கூடாது. காலுக்கு நடுவுல போய் நெஞ்சுக்கு நேரா வரணும். ஊஞ்சல் மாதிரி."

அவன் தோளால் தூக்கினான். அவள் ஒரு குச்சியால் அவன் இடுப்பைத் தட்டினாள்.

"தோளுக்கு லீவு குடுங்க. இங்கேர்ந்து தள்ளுங்க."

முதல் நிமிஷம் போயிற்று. இரண்டாவது நிமிஷத்தில் மூச்சு தாளம் தப்பியது. அவனுடைய ஜிம்மில் பன்னிரண்டு தடவை தூக்கினால் இரண்டு நிமிஷம் உட்காரலாம், போனைப் பார்க்கலாம், கண்ணாடியில் நரம்பு தெரிகிறதா என்று திருப்பிப் பார்க்கலாம். இங்கே குண்டு போய்விட்டு வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது நிமிஷத்தில் விரல்கள் தாமாகவே பிரிந்தன. குண்டு கையைவிட்டு முன்னால் பறந்து மண்ணில் விழுந்தது.

அவன் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான்.

பதினெட்டரை அங்குலக் கை, பதினாறு கிலோவுக்குத் தோற்றுவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டபோது அவனுக்கு அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைத்தான் பார்க்க வந்திருந்தான்.

"பாத்தீங்களா மாஸ்டர்? அந்த பலம் பொய்யி."

"மூணு நிமிஷம் வந்துச்சே. மொத நாளு இந்தம்மா ஒரு நிமிஷத்துல உக்காந்துடுச்சு" என்றாள் ஜெசிந்தா.

"இந்தம்மாவை இழுக்காட்டி உங்களுக்குத் தூக்கம் வராதே" என்றாள் சகாயராணி.

*

ஏழு மாதம் வந்தான். ஒரு நாள் தவறவில்லை.

உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்தது. பதினாறு போய் இருபத்து நாலு வந்தது. பிறகு முப்பத்திரண்டு. இடுப்பு என்று ஒன்று தனக்கு இருப்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அரிசி மூட்டையை மாடி ஏற்றினால் இப்போது மூச்சு வாங்கவில்லை.

உடம்பு இளைத்தது. கை பதினாறரைக்கு இறங்கியது. தெருவில் பார்க்கிறவர்கள் "இன்னாண்ணா, சுகரா?" என்று விசாரித்தார்கள். விசாரிக்க விசாரிக்க அவனுக்கு இனித்தது. ஒவ்வொரு அங்குலமும் அப்பாவுக்குக் கட்டுகிற அபராதம் என்று நினைத்துக்கொண்டான்.

பழைய ஜிம்முக்குப் போய், பெஞ்சில் படுத்துத் தூக்கிக்கொண்டிருந்தவர்களிடம், இதெல்லாம் காற்றடைத்த பலூன் என்றான். அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் பழைய மரியாதைக்காக, "சரிண்ணா, இந்த செட்டை முடிச்சுட்டு யோசிக்கறேன்" என்றான்.

அந்தக் கோபத்தோடு கொட்டகைக்கு வந்தான்.

"சொன்னா புரியல மாஸ்டர் அவனுங்களுக்கு. வெறும் ஷோ. ஒரு பிரயோஜனம் இல்லாத உடம்பு."

"புதுசா ஞானஸ்நானம் வாங்குனவங்க மாதிரி பேசறீங்களே" என்றாள் சகாயராணி.

ஜெசிந்தா ஈரத்துணியால் குண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க நல்லாத்தானே தூக்கறாங்க. உங்களுக்கு அந்த ஜிம்மு மேல இன்னா கோவம்?"

"எங்கப்பாவைக் கொன்னுடுச்சு."

சகாயராணியின் சிரிப்பு நின்றது.

அவன் சொன்னான். பல பேரிடம் சொன்ன கதைதான். நடுவில் ஓர் இடத்தைத் தாண்டிப் போவது அவனுக்கே பழகிவிட்டிருந்தது.

போன ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை போட்டி. மேடை ஏறுவதற்கு முந்திய மூன்று நாள் உப்பு கிடையாது, தண்ணீரும் கிடையாது. நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு வாய் நனைக்கலாம். அப்படி இருந்தால்தான் தோல் தசையோடு ஒட்டும், தசைக் கோடுகள் பிரிந்து கட்டிங் தெரியும். உடம்பைக் கட்டுகிற எல்லாரும் செய்வதுதான். அவனும் பதினான்கு வருஷமாகச் செய்தவன்.

சனிக்கிழமை காலை அப்பா வீராசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுபத்தோரு வயது. வேர்த்துக் கொட்டியது. வீடு நாலாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கீழே ஆட்டோ வந்து நின்றது.

"நான் தூக்கினேன் மாஸ்டர். ரெண்டு கையில, கொழந்தையத் தூக்கற மாதிரி. ஐம்பத்தெட்டு கிலோ. எனக்கு அதெல்லாம் ஒரு வெயிட்டா? மூணாவது மாடி தாண்டி ரெண்டு படி இறங்கினதும் தொடை ரெண்டும் புடிச்சிக்கிச்சு. கல்லு மாதிரி. காலை மடக்கவும் முடியல, நீட்டவும் முடியல. அப்படியே விழுந்தேன். அப்பா எனக்கு முன்னாடி விழுந்தாரு."

தலை படி விளிம்பில் பட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

"நெஞ்சுவலி சின்னதுதானாம். மாத்திரையிலயே சரியாப் போயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு."

அவன் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினான்.

"அதான் மாஸ்டர் கேக்கறேன். மொத நாளே கேட்டேன். நீங்க சொல்லல. அப்பவே நான் குண்டு தூக்கியிருந்தா எங்கப்பா பொழைச்சிருப்பாரா இல்லியா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் படியில நான் இல்லியே."

"உங்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்கறீங்க."

அவன் கெஞ்சினான். அத்தனை பெரிய ஆள் அப்படிக் கேட்பதைப் பார்க்கச் சகாயராணிக்குக் கஷ்டமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்பது போல ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

ஜெசிந்தா துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

"தூக்கிப் பாத்துடுங்க."

"எங்க?"

"அதே படியில."

*

தண்ணீர் இல்லாமல்தான் தூக்குவேன் என்றான் அவன். அப்போதுதான் நியாயம் என்றான்.

"வேணாம்ணா. குடிச்சுட்டே வாங்க" என்றாள் ஜெசிந்தா.

"கிட்னி போச்சுன்னா எங்க வார்டுக்குத்தான் வருவீங்க. நான் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேன்" என்றாள் சகாயராணி.

அவன் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து வாயை மட்டும் நனைத்தான். எதையாவது நிரூபிக்க வேண்டும் என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால் அவனிடம் நல்லது பேசிப் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டு மணலைச் சாக்கில் கட்டினார்கள். ஐஸ் பேக்டரித் தராசில் நிறுத்தார்கள். ஐம்பத்தெட்டு கிலோ. ஜெசிந்தா அதை மீன் வண்டியில் போட்டு வியாசர்பாடிக்குக் கொண்டுவந்தாள். கூட ஐஸ் பெட்டி தூக்குகிற லோகுவும் வந்தான். சாக்கைத் தோளில் போட்டு நாலு மாடியும் ஏற்றி, வீட்டு வாசலில் வைத்துவிட்டு, "டீ குடிச்சுட்டு வரேன்" என்று இறங்கிப் போய்விட்டான். அவன் குண்டும் தூக்கியதில்லை, டம்பெல்லும் தூக்கியதில்லை. தணிகாசலம் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

அவன் மனைவி நிர்மலா வெளியே வந்து சாக்கைப் பார்த்தாள். புருஷனின் வெடித்த உதட்டைப் பார்த்தாள்.

"இன்னா கருமம் இது?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் கீழ ரெண்டாவது மாடியில நிக்கறேன்" என்று ஜெசிந்தா இறங்கினாள்.

தணிகாசலம் குனிந்தான். இடுப்பிலிருந்து எழுந்தான், அவள் சொல்லிக்கொடுத்தது போல. சாக்கு இரண்டு கையிலும் வந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மணல் ஈரமாக இருந்தது. அன்றைக்கு அப்பாவின் பனியனும் ஈரமாக இருந்தது.

முதல் படி. இரண்டாவது படி.

கால் தெரியவில்லை. படியைக் காலாலேயே தேடி வைத்தான். மூச்சு சீராக வந்தது. ஏழு மாதக் குண்டு வீண் போகவில்லை. நாலாவது மாடி முடிந்து திருப்பம் வந்தது. திரும்பினான். முடியும் என்று தோன்றியது. முடிந்தால் எல்லாம் முடிந்தது. இன்றிரவு படுத்தால் தூங்கலாம்.

மூன்றாவது மாடியில் தொடைக்குள் ஏதோ ஒன்று லேசாகத் துடித்தது. வாய் உலர்ந்து மேலண்ணம் கீறியது. இன்னும் கொஞ்சம்தான். அந்த இரண்டு படியைத் தாண்டிவிட்டால் போதும்.

இடது பக்கம் ஒரு கதவு திறந்தது.

மஜீத் பாய் லுங்கியை மடித்துக் கட்டியபடி எட்டிப் பார்த்தார். அறுபது வயது தையல்காரர். தணிகாசலத்துக்குச் சட்டை தைப்பவர் அவர்தான்.

"இன்னா மூட்டை தம்பி இது? இரு, நானும் ஒரு கை புடிக்கறேன்."

"வேணாம் பாய். நானே எடுத்துப்பேன்."

சொல்லிவிட்டு அடுத்த படிக்குக் காலை எடுத்தான். கால் இறங்கவில்லை.

தொடையில் துடிப்பு நின்றுவிட்டிருந்தது. கைகளில் பலம் இருந்தது. மூச்சும் இருந்தது. அவன் சொன்ன வார்த்தைதான் காதில் அப்படியே நின்றது. அதே வார்த்தை. அதே ஆள்.

சாக்கை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

மஜீத் பாய் சாக்கைப் பார்த்தார். அதன் நீளத்தைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். உள்ளே போனார். கதவை மட்டும் சாத்தவில்லை.

ஜெசிந்தா கீழேயிருந்து ஏறி வந்தாள்.

"தொடை புடிச்சிக்கிச்சா?"

"இல்ல மாஸ்டர்."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

அவள் நாலு படி கீழே, சுவரில் சாய்ந்து நின்றாள். எழுந்திரு என்று சொல்லவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை.

"அன்னிக்கும் பாய் கேட்டாரு மாஸ்டர்."

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"பிளாஸ்டிக் சேரை எடுத்துக்கினு நாலாவது மாடிக்கே வந்துட்டாரு. கூட மூணு பேரு. எதுத்த வூட்டு தாஸ், கீழ் வூட்டு ஏகாம்பரம், அப்புறம் அந்த ஆட்டோக்காரரு. உக்கார வச்சு நாலு கால்லயும் நாலு பேரு புடிச்சா ரெண்டு நிமிஷத்துல எறக்கிடலாம்னாங்க. எங்கப்பாவும் சொன்னாரு. சேர்லயே போறேன்டான்னாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நானே எடுத்துப்பேன்னேன்."

அவன் சாக்கின் வாயைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எல்லா வூட்டுக் கதவும் தொறந்திருந்துச்சு மாஸ்டர். பொம்பளைங்க, பசங்க, எல்லாரும் நின்னு பாத்துக்கினு இருந்தாங்க. மறுநாள் போட்டி. ரெண்டு நாளா தண்ணி குடிக்காம கையில நரம்பு அப்படித் தெறிச்சிக்கினு இருந்துச்சு. பாக்கட்டும்னு நெனைச்சேன். எங்கப்பா நெஞ்சைப் புடிச்சிக்கினு இருக்காரு. நான் பனியனோட தூக்கினேன். சட்டை போட்டுக்கோடான்னு நிர்மலா குடுத்தா. வேணாம்னுட்டேன்."

வெட்கத்தில் அவனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சாக்கின் மேலேயே கவிழ்ந்துகொண்டான். கீழே ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"அப்புறம் அவங்க நாலு பேரும் ஏதாவது கேட்டாங்களா?" என்றாள் ஜெசிந்தா.

"ஒரு வார்த்தை கேக்கல. இன்னி வரைக்கும் கேக்கல."

"கடைசியில உங்கப்பாவை இந்தப் படியில யாரு எறக்குனது?"

தணிகாசலம் தலையைத் தூக்கினான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

"அவங்க நாலு பேருதான் மாஸ்டர். பாடையோட எறக்குனாங்க. நான் கொள்ளிச் சட்டியை எடுத்துக்கினு முன்னாடி நடந்தேன்."